நூறு கலம் நெல்லும் ஒரு நாவலும்

என் சோழர் கால நாவலின் முதல் வரைவில் நாயகி ஏழை. மூன்றாம் அத்தியாயத்தில் பக்கத்து வீட்டுக்கு அரிசி கடன் கேட்டுப் போவாள். தயங்கித் தயங்கி வாசலில் நிற்பாள், உள்ளேயிருந்து பதில் வராது, திரும்பிவிடுவாள். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதி முடித்த இரவில்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிற் பணிக்கென்று கோயில் குடியிருப்பில் வாழ்ந்த பெண்கள், நானூறு பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு என்று கல்வெட்டு சொல்கிறது. ஒரு பங்கு என்பது ஆண்டுக்கு நூறு கலம் நெல். அப்படி ஒரு பங்கில் வாழ்பவள்தான் என் நாயகி. அளப்பது ஆடவல்லான் என்று பெயரிட்ட மரக்காலால். கலத்துக்குப் பன்னிரண்டு மரக்கால், மரக்காலுக்கு எட்டு நாழி. ஆக, ஆண்டுக்கு 9,600 நாழி நெல். 360 நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 26 நாழிக்கு மேல் வருகிறது. நெல்லை அரிசியாக்க அந்தக் காலக் கல்வெட்டுகள் சொல்லும் கணக்கு ‘ஐந்திரண்டு’. ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி. அப்படியானால் நாளுக்குப் பத்து நாழிக்குக் குறையாத அரிசி.

நாழியை எவ்வளவு சிறிதாக வைத்துக்கொண்டாலும் அது ஒருத்தி உண்ணும் சோறு அல்ல. அரிசிக் கடன் காட்சியை அன்றிரவே அடித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அடித்த இடத்தில் அதைவிட நல்ல கேள்வி ஒன்று வந்து உட்கார்ந்தது: மிச்ச அரிசியைச் சாப்பிட்டது யார்? எண்ணெய்க்கும் உப்புக்கும் துணிக்கும் மாற்றிக்கொண்டது போக, அந்த வீட்டில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள்? அந்தக் கேள்வியிலிருந்துதான் நாவலின் கிழவியும், நெல் குத்தும் பெண்ணும், யார் பிள்ளை என்று கடைசிவரை தெரியாத அந்தச் சிறுவனும் வந்தார்கள். நான் முதலில் போட்ட திட்டத்தில் அவர்கள் மூவருமே இல்லை.

வங்கியில் இருபத்திரண்டு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவள் நான். பட்டியல்களைக் கண்டால் நின்று படிக்கும் பழக்கம் அங்கே வந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் 66-ஆம் எண்ணைப் பார்த்தபோதும் அப்படித்தான் நின்றேன். கல்வெட்டு ஆய்வாளர் ஹுல்ஷ் பதிப்பித்த பாடம். அச்சில் பக்கம் பக்கமாக ஓடும் நீண்ட பட்டியல் அது. ஒவ்வொரு பெண்ணும் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தாள், அவள் பெயர் என்ன, அவளுக்குக் கொடுத்த வீடு எந்தத் தளிச்சேரியில், எந்தச் சிறகில், அதாவது தெருவின் எந்தப் பக்க வரிசையில், எத்தனையாவது வீடு என்று வரிசையாக இருக்கிறது. தெற்குத் தளிச்சேரி தென்சிறகு தலைவீடு, இரண்டாம் வீடு, மூன்றாம் வீடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நானூறு பெண்களின் முகவரி. பெயர்களின் முன்னால் ‘நக்கன்’ என்ற சொல் வருகிறது. அது சிவனின் பெயர்.

நான் முதலில் பார்த்த தொடர், அவர்களைச் சோழமண்டலத்தின் பிற தளிச்சேரிகளிலிருந்து ‘கொண்டுவந்து’ என்று சொல்லும் தொடர். வந்தார்கள் என்று அல்ல. திருவாரூரிலிருந்து, திருவையாற்றிலிருந்து, பழையாற்றிலிருந்து, நாகப்பட்டினத்திலிருந்து கொண்டுவந்தார்கள். அந்த வினையில் ஒரு நாவல் இருக்கிறது என்று அன்றே தோன்றியது.

கல்வெட்டு வாசிக்கக் கற்றுக்கொள்ளாமல் இதை எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன். அச்சில் பாடம் கிடைக்கும்போது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். பதில் எனக்கே பிறகுதான் தெரிந்தது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் சொல்லிக்கொடுத்தார். புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவத்தில் வேறுபாடு இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி இல்லை. ‘நக்கன்’ என்பது கல்லில் ‘நககன’ என்று நிற்கும், அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொண்டு. முதல் வாரங்களில் எனக்குத் தெரிந்த சொற்களை மட்டுமே நான் கல்லில் கண்டேன். பேராசிரியர் என் விரலைப் பிடித்து ஓர் எழுத்தின் மேல் வைத்து, “அம்மா, இது வகரமா, பகரமா? பொருளை விட்டுவிடுங்கள். எழுத்தை மட்டும் சொல்லுங்கள்” என்றார். பகரம் என்றேன். தடவிப் பார்க்கச் சொன்னார். வகரம்தான்.

கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும், அது ஆய்வாளர்களுக்கானது. என்னிடம் இருந்தது கைபேசியும் பொழுதும். உச்சிவேளையில் சுவர் வெறும் சுவராகத்தான் தெரியும். மாலையில் வெயில் சாயும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு நிழல் விழுந்து, எழுத்துகள் மேலெழுந்து வரும். விமானத்தின் அடித்தளத்தில் ‘நாம் கொடுத்தனவும் நம் அக்கன் கொடுத்தனவும் நம் பெண்டுகள் கொடுத்தனவும்’ என்று ராஜராஜன் சொல்லும் வரியை நானாகவே வாசித்தது அப்படி ஒரு மாலையில். அக்காவுக்குத் தன்னை அடுத்த இடத்தையும் மனைவியருக்கு அதற்கு அடுத்த இடத்தையும் கொடுக்கும் அரசனின் குரல். இதை அச்சில் பலமுறை படித்திருக்கிறேன். கல்லில் படித்தபோது எனக்குக் கிடைத்தது வேறு. ஓர் எழுத்தை வெட்ட எத்தனை தட்டு வேண்டும் என்ற உணர்வு. நானூறு பெயர்களை வெட்டியவனும் என் நாவலுக்குள் வந்துவிட்டான்.

பிறகு அழிக்கும் வேலை. பெரிய கோயிலை வெளியிலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக அச்செடுத்து, வெள்ளை மையோடு உட்கார்ந்தேன். 1014-இல் இல்லாதவை அனைத்தும் மறைய வேண்டும். பெரிய நந்தி நாயக்கர் காலத்தது, மறைத்தேன். முருகன் சன்னதியும் அப்படியே. அம்மன் சன்னதி பாண்டியர் காலம். கோயிலைச் சுற்றிய கோட்டைச் சுவரும் அகழியும் நாயக்கர் காலத்தவை. மிச்சம் இருந்தது விமானம், அதன் மண்டபம், திருச்சுற்று மாளிகை, இரண்டு வாயில்கள். ஏறத்தாழ அறுபது மீட்டர் உயர விமானம் சுற்றிலும் ஒன்றும் இல்லாமல் நிற்பதைப் பார்த்தபோதுதான், வண்டியில் வரும் ஒரு பெண்ணுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று எழுத வந்தது.

இந்த வேலையில் நான் பட்ட பெரிய அடி தண்ணீரால் வந்தது. கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் நாயகி விடியற்காலையில் குளித்துக் கரையேறும் காட்சி ஒன்று வைத்திருந்தேன். படித்துறை, மூடுபனி, மேலே விமானத்தின் நிழல். ஊர்க்காரர்கள் அதைப் புது ஆறு என்று சொல்வதைப் பத்து முறையாவது கேட்டிருப்பேன், ஏன் ‘புது’ என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. அது கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணையோடு சேர்ந்த திட்டத்தில் வெட்டப்பட்டு 1934-இல் தண்ணீர் வந்த கால்வாய். ராஜராஜன் காலத்துப் பெண்ணை அதில் குளிக்க வைத்திருந்தேன். அந்தக் காட்சியோடு, அதை நம்பி எழுதிய இரண்டு அத்தியாயங்களும் போயின. அவள் இப்போது வீட்டுக் கிணற்றில் குளிக்கிறாள். பெயரில் ‘புது’ என்று இருந்தால் எப்போது புதிதாக இருந்தது என்று கேட்காமல் இப்போதெல்லாம் நான் நகர்வதில்லை.

திருவாரூரிலிருந்து தஞ்சாவூருக்கு நடந்தேன். கொரடாச்சேரி, நீடாமங்கலம், அம்மாப்பேட்டை வழியாக மூன்று நாள். அதே பாதையில்தான் அவர்கள் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. நான் நடந்தது பாதைக்காக அல்ல, நாள் எண்ணிக்கைக்காக. பஸ்ஸில் இரண்டு மணி நேரத்தில் கடக்கும் தூரத்தை நடக்கும்போது அது வேறு தூரமாகிவிடுகிறது. வாய்க்காலுக்கு வாய்க்கால் நின்று கடக்க வேண்டும். இரண்டாம் நாள் மாலையில் பின்னால் இருக்கும் ஊர் மனத்தை விட்டு விலகத் தொடங்குகிறது, முன்னால் இருக்கும் ஊர் இன்னும் வரவில்லை. நாயகியின் அக்கா வண்டியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பகுதியை அன்றிரவு தங்கிய இடத்திலேயே எழுதினேன். நாவலில் ஒரு சொல்கூட மாற்றாமல் நின்ற பகுதி அது ஒன்றுதான்.

அக்கா என்றேன் அல்லவா? அவளுக்கு நான் கொடுத்த பெயர் எடுத்தபாதம். பட்டியலில் உள்ள பெயர். தூக்கிய திருவடியை இதைவிட அழகாக ஒரு பெண் குழந்தைக்குச் சூட்டிய ஊர் எது என்று வியந்திருக்கிறேன். ஆனால் நாவலின் நாயகி அவள் அல்ல. அவள் தங்கை. தங்கையின் பெயர் கல்லில் இல்லை.

இந்த முடிவுக்கு வர எனக்கு ஐந்து மாதம் ஆனது. அதற்கு வழி காட்டியதும் அதே கல்வெட்டு. பங்கு பெற்றவர்களில் யாராவது செத்தாலோ, ‘அநாதேசம்’, அதாவது வேற்று ஊர், போனாலோ என்ன செய்வது என்று அது சொல்லியிருக்கிறது. அவர்களுக்குத் தலைமாறாக, அடுத்த முறையில் வரும் உறவினர் பங்கைப் பெற்றுக்கொண்டு பணி செய்ய வேண்டும். அவர்கள் தகுதியற்றவர்களானால் தகுதியுள்ள வேறொருவரை அமர்த்திக்கொள்ள வேண்டும். நிர்வாகத்துக்காக எழுதிய விதி. எனக்கோ ‘அநாதேசம்’ என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. நானூறு பேரைக் கொண்டுவந்து வீடும் நெல்லும் கொடுத்துக் கல்லில் பெயரும் வெட்டுகிறவர்கள், இவர்களில் சிலர் போய்விடக்கூடும் என்று அப்போதே நினைத்திருக்கிறார்கள். எடுத்தபாதம் போய்விடுகிறாள். தலைமாறாக வருபவள் தங்கை. அக்காவின் வீட்டில், அக்காவின் நெல்லில், அக்காவின் பெயர் கல்லில் இருக்க, அவள் வாழ வேண்டும்.

கல் சொல்வது நின்றுபோகும் இடத்தில் கதை தொடங்க வேண்டும், கல்லுக்கு எதிராகப் போகக்கூடாது. நான் தேடிக்கொண்டிருந்த இடம் அதுதான். ராஜராஜனின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டுவரை உள்ள ஏற்பாடு இந்தப் பட்டியல். அதற்குப் பின் அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பதற்கு இப்படி ஒரு பட்டியல் இல்லை. சில ஆண்டுகளில் ராஜேந்திரன் தலைநகரையே கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றிக்கொண்டு போகிறான். அரசன் விட்டுப்போன ஊரில் அந்த மரக்கால் என்னவாயிற்று என்பதே நாவலின் பிற்பாதி.

பட்டியலில் இன்னொன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பெண்களுக்கு அடுத்து ஆண்கள் வருகிறார்கள். நட்டுவம் செய்பவர், கானம் பாடுபவர், வங்கியம் என்ற குழலும் வீணையும் உடுக்கையும் வாசிப்பவர், கணக்கர், தண்ணீர் தெளிப்பவர், குயவர், தையற்காரர், தச்சர். துணி வெளுப்பவருக்கு ‘ஈரங்கொல்லி’ என்று பெயர். அந்தச் சொல்லுக்காகவே ஒரு பாத்திரம் படைத்தேன். ஆண்கள் ஒவ்வொருவருக்கும் வேலை இன்னது என்று எழுதியிருக்கிறது. பெண்களுக்கு ஊர், பெயர், வீடு. என்ன செய்தார்கள் என்பது ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாக இல்லை. ஆடினார்கள் என்று நாம் சொல்லிவிடுகிறோம். நானூறு பேரும் ஆடினார்களா? பாடியவர்கள், பூத் தொடுத்தவர்கள், விளக்குப் பிடித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்களா? நாவலின் தங்கைக்கு ஆட வராது என்று வைத்துக்கொண்டேன். அக்காவின் பங்கைக் கேட்டு நிற்கும்போது அவள் தகுதி என்ன என்பது சபையில் எழும் கேள்வி. அதற்கு அவள் சொல்லும் பதில் நாவலின் நடுப்புள்ளி.

ஆட்டம் பற்றி எழுத, விமானத்தின் மேல்தளச் சுற்றில் உள்ள கரணச் சிற்பங்களின், அதாவது நடன நிலைகளைக் காட்டும் சிற்பங்களின், படங்களை நடன ஆசிரியை ஒருவரோடு உட்கார்ந்து பார்த்தேன். 108-இல் 81 மட்டும் செதுக்கி முடித்து, மிச்சக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அற்புதமான காட்சி. நாவலில் வைத்தே தீர வேண்டும் என்று துடித்தேன். ஆனால் மேல்தளத்துக்கு என் நாயகி எப்படிப் போவாள்? இன்றும் அது பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. இரண்டு வாரம் போராடி விட்டுவிட்டேன். கற்றச்சன் ஒருவன் அவளிடம் சொல்லும் அரை வரியாக மட்டும் அது நிற்கிறது.

விளக்கை மட்டும் வீட்டிலேயே செய்து பார்க்க முடிந்தது. அணையாமல் எரியும் நந்தா விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்பது ராஜராஜன் கோயிலின் கணக்கு. மின்சாரத்தை அணைத்து, சன்னலை மூடி, அகலில் நெய் வார்த்துப் பஞ்சுத் திரி போட்டு ஏற்றினேன். என் சொந்தத் தங்கையின் மகளைச் சிவப்புப் பட்டு உடுத்தி நிற்கச் சொன்னேன். இரண்டடியில் முகம் முழுவதும் தெரிந்தது. ஆறடியில் ஒரு கன்னமும் மூக்கின் விளிம்பும். எட்டடியில் சிவப்பு கறுப்பாகிவிட்டது, கையை உயர்த்தினால் விரல்கள் தெரியாமல் பின்சுவரில் அவற்றின் நிழல் மட்டும் பெரிதாக அசைந்தது. கருவறைக்கு முன் நடக்கும் எல்லாக் காட்சிகளையும் அன்று மாற்றினேன். அதுவரை அவற்றில் நிறங்கள் இருந்தன. இப்போது ஓசையும் மணமும் நிழலும் இருக்கின்றன. நெய் உருகும் மணத்துக்கு அடியில் கருகும் பஞ்சின் மணம் ஒன்று இருக்கிறது. இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

எழுதத் தொடங்கிய பிறகு தொல்லை சொற்களில் வந்தது. ஒரு திருப்பத்தில் தங்கை அக்காவின் பெட்டியைத் திறக்கிறாள். ‘சாவியை எடுத்தாள்’ என்று எழுதியிருந்தேன். சாவி போர்த்துக்கீசியச் சொல். ஜன்னலும் மேசையும் அலமாரியும் அங்கிருந்தே வந்தவை. பாக்கி, வசூல், தயார் ஆகியவை அரபு, பாரசீக வழியில் வந்தவை. உரையாடலில் மட்டுமல்ல, கதை சொல்லும் குரலிலும் இவை வரக்கூடாது என்று எனக்கே ஒரு விதி போட்டுக்கொண்டேன். திறவுகோல் வந்தது, சாளரம் வந்தது, நிலுவை வந்தது. ஆனால் அத்தனையையும் பழஞ்சொல்லாக்கினால் பாத்திரங்கள் மேடையில் நின்று பேசுவதுபோல் ஆகிவிடுகிறது. இதற்கு நான் கண்ட வழி, வினைச்சொற்களை எளிமையாக வைத்துக்கொள்வது. ‘போ’, ‘வா’, ‘இரு’, ‘எடு’, ‘பார்’ ஆகியவை அன்றும் இன்றும் ஒன்றே. அவற்றின் மேல் வாக்கியத்தை நிறுத்தினால் திறவுகோல் துருத்திக்கொண்டு தெரிவதில்லை.

சமையலறையிலும் இதே கதை. மிளகாயை விலக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். என்னைத் தடுக்கி விழவைத்தது முந்திரி. அக்கா போகும் வழியில் ஒரு முந்திரித் தோப்பு வைத்திருந்தேன். பட்டுக்கோட்டைப் பக்கம் இன்று பார்க்கும் காட்சி அது. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்த மரம். தோப்பை வெட்டிப் பனங்காடாக்கினேன். பனங்காட்டில் காற்று வேறு ஓசை எழுப்பும், அதனால் அந்த இரவின் பயமும் வேறாகிவிட்டது.

மூன்று பென்சில்கள் வைத்திருந்தேன். வரைவின் ஒவ்வொரு பக்கத்திலும், கல்வெட்டில் உள்ளதற்குச் சிவப்புக் கோடு, அதிலிருந்து ஊகிக்கக்கூடியதற்கு நீலம், முழுக்க என் கற்பனைக்குக் கறுப்பு. முதலில் இது பிழை பிடிக்கத்தான். போகப்போக வேறு பயன் கிடைத்தது. ஒரு பக்கத்தில் சிவப்பு அதிகமானால் அந்தப் பக்கம் பாடம் நடத்துகிறது என்று பொருள். நான் படித்ததை வாசகரிடம் காட்டிக்கொள்ள ஆசைப்பட்டிருக்கிறேன். நெல் வரும் ஊர்களைப் பற்றிய அத்தியாயம் ஏறத்தாழ முழுவதும் சிவப்பாக இருந்தது. நாற்பது பக்கம். தேடிச் சேர்க்க நான்கு மாதம் ஆன செய்திகள். அதிலிருந்து ஒரு பத்தி மட்டும் எடுத்துக்கொண்டேன். மரக்காலில் நெல் அளப்பவன், தலை தட்டும்போது கையை ஒரு விரல்கடை உயர்த்துவான். அதைப் பார்க்கும் தங்கை ஒன்றும் சொல்ல மாட்டாள். நாற்பது பக்கமும் அந்த ஒரு விரல்கடைக்குள் இருக்கின்றன என்றே நம்புகிறேன்.

தேடலுக்குப் பதினான்கு மாதம், எழுத்துக்குப் பதினொரு மாதம், நான்கு வரைவு. கடைசியாக, அச்சுக்கு முன் திருத்திக் கொடுக்க வேண்டிய மெய்ப்பு வந்தது.

மெய்ப்பில் பத்தொன்பதாம் அத்தியாயம். மார்கழிக் காலையில் தங்கை திண்ணையில் உட்கார்ந்து இளவெயிலில் கூந்தலை உலர்த்துகிறாள். தெருவில் போகும் கணக்கர் நின்று பேசுகிறார். நாவலில் அவள் வீடு தென்சிறகு. தென்சிறகு வீடு தெருவுக்குத் தெற்கே இருக்கும், வாசல் வடக்கே பார்க்கும். மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வரும். சந்தேகம் தீர, மறுநாள் காலையில் கிழக்கு மேற்காக ஓடும் ஒரு தெருவுக்குப் போய் நின்றேன். அதுவும் மார்கழிதான். வடசிறகுத் திண்ணைகளில் வெயில் விழுந்திருந்தது, ஒன்றில் ஒரு பூனை படுத்திருந்தது. தென்சிறகுத் திண்ணைகள் எட்டரை மணிக்கும் நிழலில் இருந்தன.

அவளைத் திண்ணையிலிருந்து எழுப்பிக் கொல்லைப்புறத்துக்குக் கொண்டுபோனேன். அங்கே வெயில் இருந்தது, கிணறு இருந்தது. கணக்கர் அங்கே வர முடியாது. அவர் பேசிய பன்னிரண்டு வரிகளையும் அடித்தேன். அவரிடமிருந்து அவள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியை, நெல் குத்தும் பெண் உலக்கையை நிறுத்தாமலே சொல்கிறாள். பக்க எண் மாறாமல் இருக்க வரிகளை எண்ணி எண்ணி எழுதி, மாலைத் தபாலில் சேர்த்தேன்.